ஐந்தடி பத்து

சங்கிலியன் தோப்பு என்று பெயர்.
தோப்பில் மரம் கிடையாது.
ஒரு வாசல் மட்டும் நிற்கிறது,
வீட்டை எங்கேயோ விட்டுவிட்டு வந்த வாசல்.
பருத்தித்துறை வீதியில் போகிற பஸ் ஒவ்வொன்றும்
அதற்கு ஒருதரம் ஹோர்ன் அடித்துப் போகும்.

கிழமை நாட்களில் நான் எடுப்பது பாஸ்போர்ட் படம்.
பின்னால் வெள்ளை. இரண்டு காதும் தெரியவேணும்.
சிரிக்கக்கூடாது, நிழல் விழக்கூடாது.
அப்படி நிழல் கழுவி நான் அனுப்பிய முகங்கள்
எந்தெந்த நாட்டில் இப்போது சிரிக்கின்றனவோ.
சனி ஞாயிறு இங்கே வருகிறேன்,
நிழல் வாங்க.

எங்களுக்கு முன் ஒரு சாமத்தியப் பிள்ளை,
கையில் ரோசா நிறக் குடை.
அவர்களுடைய ட்ரோன் எழும்ப
பக்கத்து வளவு ஆடு
கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.
அரை மணித்தியாலம் அதிலே போயிற்று.

பிறகு தர்மிகா.
வாடகை லெஹங்கா, இடுப்பில் நாலு ஊசி.
மாப்பிள்ளை ஸ்காபரோவில்.
அவருக்குப் பத்து நாள்தான் லீவு, கல்யாணத்துக்கு மட்டும்.
ஆல்பம் அதற்கு முன்னமே வேணுமாம், மண்டப வாசலில் வைக்க.
அங்கே ஒரு பூங்காவில் நின்று
படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்,
ஒரு கை காற்றில் வளைந்தபடி.
அந்த வளைவுக்குள் இவளை வைக்கவேணும்.

"அவற்ற உயரம்?"
"அஞ்சடி பத்து" என்றா தாய்,
நட்சத்திரமும் பாதமும் சொல்வதுபோல.

லைட் பிடிக்கிற நிறோசன் ஐந்தடி ஐந்து.
இரண்டு செங்கல் தேடினான்.
தொல்பொருள் திணைக்களப் பலகையைப் பார்த்ததும்
கையை எடுத்துவிட்டான்.
கடைசியில் என் கமராப் பெட்டிமேல் ஏறி நின்றான்,
தோளை அவளுக்குக் கொடுத்து
முகத்தை வீதிப்பக்கம் திருப்பி.
சிவந்துபோன அவன் காதைப்
பிறகு நான் வெட்டி எடுக்கவேண்டியிருந்தது.

அடுத்தது மந்திரிமனை.
கூரைக்கு இரும்புக் குழாய் முட்டு.
சுண்ணாம்பில் ஆணியால் கீறிய பெயர்கள்:
கபிலன், ஒரு சக அடையாளம்,
அடுத்த பெயரை யாரோ சுரண்டியிருந்தார்கள்.
"தங்கச்சி, அந்த ஓட்டையளை அழிச்சுவிடுங்கோ,
வெளிநாட்டில பாக்கிற சனம்."
எந்த வருடத்து ஓட்டை என்று
அவ சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

பரு அழிக்கிற அதே தூரிகைதான்.
ஓட்டைக்கு இரண்டு அழுத்தல்.
எல்லாவற்றையும் அழித்தபின் பார்த்தால்
சுவர் பாஸ்போர்ட் எடுக்க வந்திருந்தது.
பாதியைத் திரும்ப வைத்தேன்.
அவ எண்ணியிருக்கமாட்டா.

ஒளியோடுதான் சண்டை.
அவர் முகத்தில் வெயில் இடப்பக்கம்,
இங்கே நாலரைக்கு வலப்பக்கம்.
காலையில் வந்திருக்கலாம்,
மேக்கப் முடிந்ததே மூன்று மணிக்கு.
ஒரே வழி, அவரைத் திருப்பிப் போடுவது,
கண்ணாடியில் தெரிவதுபோல.
வகிடு மாறும், சட்டைப் பொத்தான் மாறும்.
கல்யாண வீட்டில் யார் அதைப் பார்க்கப்போகிறார்கள்.

இரவு பதினொன்றுக்கு அனுப்பினேன்.
இரண்டாவது நிமிடம் தர்மிகாவின் கோல்.
"அக்கா, அவர் மணிக்கூடு வலக்கையிலயா கட்டுறவர்?"

"இல்லையடி, வெயிலுக்காகத் திருப்பினது."

கொஞ்ச நேரம் அவள் வீட்டு மின்விசிறி மட்டும்
டக், டக் என்றது.
பிறகு மெல்ல,
"அப்ப நான் சாய்ஞ்சு நிக்கிறது
அவற்ற எந்தப் பக்கம்?"

திரையில் அவருடைய லேயருக்கு அருகே
ஒரு சின்னக் கண் இருக்கும்.
அதை மூடினேன்.
வாசல், வெயில்,
வெட்ட மறந்த கமராப் பெட்டியின் ஒரு மூலை.
ஒன்றுமில்லாததில் அவள்
விழாமல்தான் சாய்ந்திருந்தாள்.

"பாத்துச் சொல்றன்" என்றேன்.